கம்பெனி ஃபிட்டிங்

வண்டலூரில் பிறந்த ஹெரால்டு கார்களின் பானெட்டைத் திறந்து, ஆலையை விட்டு வெளிவந்த நாளின் கோலத்துக்கே கொண்டுபோக இன்று பலர் முயல்கிறார்கள். எந்தக் கோலத்துக்கு என்பதில்தான் சிக்கல்!

சென்னை ராயப்பேட்டையில், தகரக் கூரைக்குக் கீழே ஒரு ஒர்க்‌ஷாப். ஞாயிறு காலை. பக்கவாட்டுக் கொக்கிகள் இரண்டையும் விடுவித்துத் தூக்கியதும், ஹெரால்டின் முகம் முழுவதும் மட்கார்டு, ஹெட்லைட்டோடு முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கிறது. எழுபதைத் தாண்டிய மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்கிறார். ஹெரால்டில் வேலை பார்ப்பவருக்கு அதுதான் நாற்காலி. ஃபயர்வாலில் பிரேக் பைப்பைப் பிடித்திருக்கும் சின்னக் கிளிப்பைக் கழற்றுகிறார். அது மறைத்திருந்த விரல்நக அளவு இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கிறார். சுற்றிலும் கறுப்பு. அதை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. கிளிப்புக்கு அடியில் மட்டும் இளநீலம்.

“இதான் சார் கம்பெனி பெயின்ட். மிச்சதெல்லாம் அப்புறம் வந்தவங்க அடிச்சது.”

காரின் சொந்தக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். தாத்தா ஓட்டிய வண்டி. கையிலிருக்கும் போனில் இங்கிலாந்தில் யாரோ புதுப்பித்த ட்ரையம்ப் ஹெரால்டின் படம்: வால்வு கவரில் குரோம், கண்ணாடி போல மின்னும் பைப்புகள், மினுமினுக்கும் கறுப்பு. “இதே மாதிரி வேணும்ணே” என்கிறார். மெக்கானிக் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுக்கிறார். “பண்ணிடலாம் தம்பி. ஆனா, அது உங்க தாத்தா வண்டியா இருக்காது.” அன்று சாண்ட் பிளாஸ்டிங்குக்குப் போக வேண்டிய உடல் போகவில்லை. முதலில் முழு இன்ஜின் அறையையும் அங்குலம் அங்குலமாகப் படமெடுத்தார்கள்.

பழைய கார்களைப் புதுப்பிக்கிறவர்களிடையே இன்று ஓடும் பெரிய வாதம் இதுதான். வெளி பெயின்ட், சீட், சக்கரம் ஆகியவற்றில் யாரும் அதிகம் சண்டை போடுவதில்லை. பானெட்டைத் திறந்தால்தான் குரல் உயர்கிறது. ஐம்பது, அறுபது வருடங்களில் ஒரு கார் பட்ட பாடெல்லாம் அங்கேதான் பதிந்திருக்கிறது. கிடைத்த ஹோஸ், கிடைத்த போல்ட், அம்பாசிடரின் காயில், மாருதியின் ஃபில்டர் என்று தலைமுறை தலைமுறையாக ஒட்டுப்போட்ட இடம் அது.

வண்டலூர் வண்டி

1948-ல் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் மெட்ராஸின் யூனியன் கம்பெனியும் கைகோத்து உருவாக்கியது ‘ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா’. சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஆலை. வேன்கார்டு, எய்ட், டென், பென்னன்ட் என்று தொடங்கி, இங்கிலாந்தில் ட்ரையம்ப் என்ற பெயரில் விற்ற ஹெரால்டுக்கு 1961-ல் வந்தார்கள். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கலாட்டி வரைந்த உடல், தனி சேஸிஸ், 948 சி.சி. இன்ஜின். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி. மயிலாப்பூர் சந்துகளுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. இங்கிலாந்தில் 1961-லேயே 1147 சி.சி. இன்ஜினுக்கு மாறிவிட்டார்கள். வண்டலூர் மாறவில்லை. நான்கு கதவு மார்க் 3, ‘கம்பானியன்’ எஸ்டேட், 1972-ல் வந்த கெஸல் எல்லாமே அதே 948-ஐத்தான் சுமந்தன. கெஸல் 1977-ல் நின்றது. ஸ்டாண்டர்டு 2000 என்ற கடைசி முயற்சியும் தோற்று, 1988-ல் கார் உற்பத்தியே நின்றுபோனது.

பின்னணி இவ்வளவு போதும். இதிலிருந்து கிளம்பும் கேள்விதான் நீளமானது.

எந்த ஒரிஜினல்?

ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இன்றும் பாகம் கிடைக்கிறது. கேஸ்கெட் முதல் முழு வயரிங் வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள். பணமிருந்தால் ஒரு பெட்டியில் அடைத்து வீட்டுக்கே வந்துவிடும். நம்மவர்களில் பலர் செய்வது இதுதான். பிரிட்டிஷ் ஒர்க்‌ஷாப் மேனுவலை வைத்துக்கொண்டு, பிரிட்டிஷ் பாகங்களைப் பூட்டி, ‘ஃபேக்டரி ஒரிஜினல்’ என்று பலகை வைக்கிறார்கள்.

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் கார் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் பிறக்கவில்லை, வண்டலூரில் பிறந்தது. அதன் ஒரிஜினல் கோலம் மெட்ராஸ் கோலம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்திறங்கின. ஆண்டு ஏற ஏற உள்ளூர்ப் பாகங்கள் கூடிக்கொண்டே போயின. ஆகவே 1962 ஹெரால்டின் இன்ஜின் அறையும் 1969 ஹெரால்டின் இன்ஜின் அறையும் ஒன்றாக இருக்க முடியாது. முன்னதில் ‘மேட் இன் இங்கிலாண்டு’ என்ற எழுத்து இருந்தால் அது நியாயம். பின்னதில் ‘லூகாஸ்-டிவிஎஸ்’ என்ற எழுத்து இருந்தால் அதுவே பெருமை. சென்னை பாடியில் செய்த அந்த டைனமோவைக் கழற்றி வீசிவிட்டு, பர்மிங்ஹாம் முத்திரையுள்ள ஒன்றை ஏலத்தில் எடுத்து மாட்டுகிறவர், காரை அதன் பிறந்த ஊரிலிருந்து பிரித்துவிடுகிறார்.

> பெட்டிச் செய்தி: பானெட்டுக்குள் ஒரு மெட்ராஸ்
>
> ஹெரால்டின் காலத்துக்குள் சென்னையைச் சுற்றி எழுந்த பாகத் தொழிற்சாலைகள்:
>
> இந்தியா பிஸ்டன்ஸ், செம்பியம் – 1949
>
> லூகாஸ்-டிவிஎஸ், பாடி – 1961. டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர்.
>
> பிரேக்ஸ் இந்தியா, பாடி – 1962
>
> சுந்தரம் ஃபாசனர்ஸ், பாடி – 1966-ல் உற்பத்தி. போல்ட், நட்.
>
> பிளக் மட்டும் பக்கத்து மாநிலம்: 1951-ல் பெங்களூரில் தொடங்கிய மைகோ.

இதில் ஒரு நடைமுறைச் சிரமம் இருக்கிறது. இங்கிலாந்துக் கார்களுக்கு ஆலைப் பதிவேடுகள், பாகப் பட்டியல்கள், எந்த மாதம் எந்த மாற்றம் வந்தது என்ற குறிப்புகள் எல்லாம் அச்சில் இருக்கின்றன. வண்டலூருக்கு அப்படி ஒரு முழுத் தொகுப்பு சாதாரண ஆர்வலரின் கைக்கு எட்டுவதில்லை. சாட்சியாக மிஞ்சுவது கார் மட்டுமே. கிளிப்புக்கு அடியில் ஒளிந்திருந்த அந்த இளநீலம் ஏன் முக்கியம் என்பது இப்போது புரியும். பேட்டரி தட்டுக்குக் கீழே, ஹீட்டர் ஓட்டையை மூடிய தகட்டின் பின்புறம், டைனமோ பிராக்கெட் பிளாக்கோடு ஒட்டும் முகம், ரப்பர் குரோமெட்டுக்குள் என்று பெயின்டரின் துப்பாக்கி அடுத்தடுத்த முறை எட்டாத இடங்களில்தான் ஆலையின் கை அப்படியே இருக்கும். சாண்ட் பிளாஸ்டிங் செய்தால் அரை மணி நேரத்தில் அத்தனையும் போய்விடும். திரும்ப வராது.

பளபளப்பும் ஒரு பிழையே

புதுப்பித்த கார் என்றால் மின்ன வேண்டும் என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அறுபதுகளில் குடும்பங்களுக்காகச் செய்த சாதாரணக் கார் ஒன்றின் இன்ஜின் அறை ஒருநாளும் மின்னியதில்லை. பிரிட்டிஷ் வழக்கப்படி உட்பக்கம் முழுக்க உடலின் நிறமே அடித்திருப்பார்கள். மூலைகளில் பூச்சு மெலிந்திருக்கும். போல்ட்டுகளில் மங்கலான வெள்ளி நிறம். சில இடங்களில் பாஸ்பேட் செய்த சாம்பல் கறுப்பு. ஹோஸ் கிளிப்புகள் இன்றைய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டைகள் அல்ல.

இன்று 2கே பெயின்ட் அடித்தால் ஈரம் காயாததுபோல் ஒரு பளபளப்பு வரும். பவுடர் கோட்டிங் இன்னும் மோசம்: விளிம்புகளையெல்லாம் உருட்டி, வார்ப்பில் இருக்கும் எழுத்தைக்கூட மூடிவிடும். அலுமினியத்தை பஃபிங் செய்தால் வார்ப்பின் சொரசொரப்பு நிரந்தரமாகப் போய்விடும். இதையெல்லாம் செய்துவிட்டு ‘ஷோரூம் கண்டிஷன்’ என்பது உண்மையல்ல. 1965-ல் மவுண்ட் ரோட்டில் அப்படி ஒரு கார் நின்றதில்லை.

அமெரிக்காவில் இந்தப் பாடத்தை நெடுங்காலமாகவே படித்துவருகிறார்கள். ஷெவர்லே கார்வெட் கார்களுக்காக 1974-ல் தொடங்கிய என்.சி.ஆர்.எஸ். சங்கத்தின் போட்டியில், கார் ஆலையை விட்டு வெளிவந்தபோது எப்படி இருந்ததோ அதற்குத்தான் மதிப்பெண். ஆலையில் இன்ஜினுக்கு ஆரஞ்சு அடிக்கும்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் தெறித்திருந்தால், புதுப்பித்த காரிலும் தெறித்திருக்க வேண்டும். ஆய்வாளர் சாக்பீஸால் போட்ட கிறுக்கலையும் கவனிப்பார்கள். அளவுக்கு மீறி அழகாக்கினால் மதிப்பெண் குறையும். முதலில் கேட்கும்போது வினோதமாகத் தோன்றினாலும், அந்தக் கண்டிப்பால்தான் அந்தக் கார்கள் எப்படிக் கட்டப்பட்டன என்ற அறிவு ஒரு தலைமுறை கடந்தும் பிழைத்திருக்கிறது.

பழைய பூச்சைத் திரும்பக் கொண்டுவருவதிலும் ஆபத்து உண்டு. அன்றைய போல்ட்டுகள் பலவற்றில் காட்மியம் முலாம். காட்மியம் புற்றுநோய் உண்டாக்கும் உலோகம். அதற்கான குளியல் தொட்டியில் சயனைடும் சேர்வது வழக்கம். ஒரு காரின் அழகுக்காக ஒரு தொழிலாளியின் நுரையீரலைப் பணயம் வைக்கக் கூடாது. துத்தநாக முலாம் போட்டு, பளபளப்பைக் கொஞ்சம் மங்கவைத்தாலே இரண்டடி தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. உயர் இழுவிசை போல்ட்டுகளுக்கு முலாம் போட்டால், உடனே சுமார் 190 டிகிரி செல்சியஸ் சூட்டில் சில மணி நேரம் வைத்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே புகுந்த ஹைட்ரஜனால் போல்ட் ஒருநாள் சொல்லாமல் முறியும். முலாம் பட்டறையில் இதை நீங்கள் கேட்டு வாங்கினால்தான் செய்வார்கள்.

வயரின் நிறம் பொய் சொல்லாது

பழைய காரில் தீப்பிடித்தால் பல சமயம் காரணம் வயரிங். ஐம்பது வருடமாக அவரவர் கையில் கிடைத்த சிவப்பு வயரையோ கறுப்பு வயரையோ சொருகியிருப்பார்கள். லூகாஸ் நிற முறைக்குத் திரும்புவது அழகுக்காக மட்டுமல்ல. நள்ளிரவில் திண்டிவனம் பக்கம் வண்டி நின்றால், டார்ச் வெளிச்சத்தில் எந்த வயர் எங்கே போகிறது என்று எந்த எலக்ட்ரீஷியனும் சொல்லிவிடலாம்.

> பெட்டிச் செய்தி: லூகாஸ் நிறங்கள்
>
> பழுப்பு – பேட்டரியிலிருந்து நேரே வரும் மின்சாரம்
>
> வெள்ளை – சாவி போட்டால் வரும் இக்னிஷன்
>
> பச்சை – இக்னிஷனிலிருந்து ஃபியூஸ் வழியாக
>
> ஊதா – எப்போதும் உயிரோடிருக்கும், ஃபியூஸ் வழியாக
>
> நீலம் – ஹெட்லைட்
>
> சிவப்பு – பார்க்கிங், டெயில் விளக்கு
>
> கறுப்பு – எர்த்

ஹெரால்டின் மூல வடிவமைப்பில் இன்னொரு விஷயம்: பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பிளஸ் முனைதான் உடலோடு சேரும். இன்றைய எல்லாக் கார்களுக்கும் நேர்மாறு. இது தெரியாமல் புதுப் பேட்டரி மாட்டிய பையன்களால் எத்தனையோ ரேடியோக்கள் புகைந்திருக்கின்றன. பலரும் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றும்போது டைனமோவின் சின்ன முனையான ‘எஃப்’ டெர்மினலில் பேட்டரி மின்சாரத்தைக் கணநேரம் தொட்டெடுத்து அதன் துருவத்தைத் திருப்ப வேண்டும். காயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். ஆலை நிலைக்குத் திரும்ப நினைப்பவர் இதே வழியில் பின்னோக்கி நடக்க வேண்டும். கூடவே பேட்டரிக்குப் பக்கத்தில் கண்ணில் படும்படி ‘பாசிட்டிவ் எர்த்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். உங்களுக்குப் பிறகு அந்தக் காரைத் தொடப்போகும் ஒருவருக்காக.

மெக்கானிக்குகள் ‘கட்-அவுட்’ என்று சொல்லும் ரெகுலேட்டர் பெட்டியில் ஒரு சமரசம் நடக்கிறது. பழைய பெட்டியின் மூடியை வைத்துக்கொண்டு, உள்ளே எலக்ட்ரானிக் சர்க்யூட்டைப் பொருத்திவிடுகிறார்கள். வெளியே பார்க்க 1963, உள்ளே இன்றைய காலம். காரை ஓட்டப்போகிறீர்கள் என்றால் இதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் செய்ததை எழுதி வைக்க வேண்டும். மறைத்துவைத்து ‘அப்படியே ஒரிஜினல்’ என்று விற்பது ஏமாற்று.

சட்டம் என்ன கேட்கிறது?

‘ஒரிஜினல்’ என்பது முன்பு ஆர்வலர்களின் விவாதமாக மட்டும் இருந்தது. 2021 ஜூலையில் அது அரசின் விதியாகவே ஆகிவிட்டது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தம், 50 வயதைக் கடந்த, மூல வடிவத்தில் பராமரிக்கப்பட்ட, சேஸிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றத்துக்கு உள்ளாகாத வாகனங்களையே ‘விண்டேஜ்’ என்கிறது. 1961 முதல் 1971 வரை வந்த ஹெரால்டுகள் அனைத்தும் வயதுத் தேர்வில் தேறிவிட்டன. மாட்டிக்கொள்வது இரண்டாம் நிபந்தனையில். எழுபது, எண்பதுகளில் பெட்ரோல் செலவுக்குப் பயந்தோ, பாகம் கிடைக்காமலோ வேறு இன்ஜினைத் திணித்த கார்களின் கதி என்ன? வேறு இன்ஜினோடு ஓடும் அம்பாசிடர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அது சாதாரணம். விதியின் கண்ணில் அது பெரிய மாற்றம்.

> பெட்டிச் செய்தி: ‘வி.ஏ.’ நம்பர்
>
> விண்டேஜ் பதிவு பெற்றால் நம்பரில் மாநில எழுத்தையடுத்து ‘வி.ஏ.’ வரும்.
>
> புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். மறுபதிவு 5,000 ரூபாய்.
>
> தினசரிப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. கண்காட்சி, ஆய்வு, விண்டேஜ் பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும்.

இதில் இன்ஜின் நம்பரைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பிளாக்கில் குத்தியிருக்கும் எழுத்துகள் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். பிளாக்கைச் ‘சுத்தம்’ செய்கிறேன் என்று கிரைண்டரைப் பிடிப்பவர், நம்பர் குத்திய இடத்தின் மேல் ஒரு நொடி உரசினாலே போதும். சொந்தக் காருக்கே சொந்தக்காரன் என்று நிரூபிக்க அலைய வேண்டும். வேலை தொடங்குமுன் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள், படமெடுங்கள், பிறகு தடித்த டேப் ஒட்டி மூடுங்கள். இன்ஜினையே மாற்றுவதாக இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். அழிந்த நம்பரைப் புதிதாகக் குத்துவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. கார்வெட் உலகில் விலைக்காக நம்பரை மாற்றிக் குத்தும் மோசடி பெரிய வியாதியாகவே பரவியது. நம் ஊரில் பழைய கார்களின் விலை ஏற ஏற, அந்த வியாதி இங்கும் வரக்கூடும்.

எத்தனால் காலத்தில் பழைய ரப்பர்

இருந்தபடியே இருக்கட்டும் என்று சொல்லும் நானே ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கிறேன்: பெட்ரோல் போகும் பாதை. 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் அறிமுகமான 20 சதவிகித எத்தனால் பெட்ரோல், 2025-ல் நாடு முழுக்க வழக்கமான பெட்ரோலாகவே ஆகிவிட்டது. ஹெரால்டின் மெக்கானிக்கல் பம்ப்புக்குள் இருக்கும் டயஃப்ரமும் ரப்பர் ஹோஸும் எத்தனாலை நினைத்துச் செய்தவையல்ல. ஊறிப் பருக்கும், பிறகு வெடிக்கும். கசிவு விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே சூடான எக்ஸாஸ்ட். எத்தனால் ஈரத்தையும் இழுப்பதால், மாதக்கணக்கில் நிற்கும் காரில் டேங்கும் கார்புரேட்டர் உடலும் அரிக்கும்.

எனவே டயஃப்ரம் வைட்டான் ரகமாக இருக்கட்டும். ஹோஸ் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 தரத்தில் வாங்குங்கள். மேலே பழைய பாணிப் பின்னலுறை வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை வறண்டுபோகும். கார்புரேட்டரில் ஜெட்டைக் கொஞ்சம் பெரிதாக்காமல் ‘கம்பெனி அளவுதான்’ என்று பிடிவாதம் பிடித்தால் இன்ஜின் சூடேறித் திணறும். வால்வு சீட்டுகளைக் காத்துவந்த ஈயம் பெட்ரோலில் 2000 பிப்ரவரியிலேயே நின்றுவிட்டது. ஆகவே ஹெட்டைக் கழற்றும் வேளையில் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளைக் கடினமானவையாக மாற்றிக்கொள்வதும் நல்லது. இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வண்டி எரியாமல் இருக்கும்.

தொடாமல் விடும் தைரியம்

பழைய வாகன சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா, 2012-ல் துரின் சாசனம் என்ற ஒன்றை ஏற்றுக்கொண்டது. கட்டடங்களைப் பாதுகாக்க 1964-ல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனத்தின் வழியில் வந்தது அது. பழைய காரைப் புத்தம் புதிதாக்குவதை அது முதல் வழியாகச் சொல்லவில்லை. இருப்பதைக் காப்பது முன்னால் வருகிறது, புதுப்பிப்பது பின்னால். மாற்றிய பாகங்களுக்கு அடையாளக் குறி இடவும் சொல்கிறது.

நம் ஊர்க் கார்களுக்கு இந்தப் பார்வை இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஆலையின் பூச்சு பாதிக்கு மேல் இருக்கும் ஒரு ஹெரால்டு கிடைத்தால், அதைச் சுரண்டிப் புதிதாக அடிப்பது குற்றத்துக்குச் சமம். சோப்புத் தண்ணீர், மெல்லிய பிரஷ், பொறுமை, அது போதும். வேறு நூறு கார்களைப் புதுப்பிக்க அந்த ஒன்றுதான் அளவுகோல். முக்கால்வாசி துருவாகிப் போன வண்டிக்கு முழு வேலை பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் வண்டிகளில்தான் சொந்தக்காரரின் நிதானம் தெரியும். அவசரப்பட்டு முழுக்கப் பிரித்துப்போட்டு, பணம் தீர்ந்து, பாகங்கள் அட்டைப்பெட்டிகளில் சிதறி, கடைசியில் புதுப்பேட்டையில் எடைக்குப் போன கார்கள் நிறைய. ஒவ்வொரு பகுதியாக எடுத்து, அது முடிந்த பிறகே அடுத்ததைத் தொடுகிறவர்களின் வண்டிகள்தான் சாலைக்குத் திரும்புகின்றன.

யாரைக் கேட்பது?

காகிதம் இல்லை, கார்களும் குறைந்துவருகின்றன. ஆனால் ஆட்கள் இருக்கிறார்கள். 1965-ல் இருபது வயதில் வண்டலூர் ஆலையில் சேர்ந்தவருக்கு இன்று எண்பதுக்கு மேல். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் தெருக்களில் இவர்கள் நம்மோடுதான் வாழ்கிறார்கள். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற ஆர்வலர் அமைப்புகளும், பொறியியல் கல்லூரி மாணவர்களும், ஏன், பேரப்பிள்ளைகளும் செய்யக்கூடிய வேலை ஒன்று காத்திருக்கிறது. ஒரு போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு அவர்கள் எதிரில் உட்கார வேண்டும்.

கேட்க வேண்டியவை எல்லாமே சின்னச் சின்னக் கேள்விகள். பிளாக்குக்கு என்ன நிறம் அடித்தீர்கள், இன்ஜினை முழுக்கப் பூட்டிய பிறகா, அதற்கு முன்பா? ஃபயர்வாலில் துணி உறை வயர் எந்த ஆண்டு நின்று, பிளாஸ்டிக் வயர் வந்தது? ஏர் ஃபில்டர் டப்பாவில் ஸ்டிக்கர் ஒட்டினீர்களா? செக் பண்ணி முடித்ததும் எந்த நிற பெயின்டால், எந்த போல்ட்டின் தலையில் புள்ளி வைத்தீர்கள்? பாகம் வராமல் லைன் நின்ற நாட்களில், எதற்குப் பதிலாக எதைப் பூட்டி அனுப்பினீர்கள்?